மாத்திரை கிடைக்கிறது, விளக்கம் கிடைக்கிறதா?

நாட்டில் பிறப்பு விகிதம் குறைகிறது என்ற கவலை அடிக்கடி எழுகிறது. 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.9 குழந்தைகள், 2022இல் 1.6. இதைப் பார்த்தால் எல்லாரும் குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பதாகத் தோன்றும். உண்மை அதுவல்ல.

தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் 2014 ஆய்வில், மணமான பெண்களில் சுமார் 52 விழுக்காட்டினரே ஏதாவது ஒரு கருத்தடை முறையைக் கையாண்டனர். மாத்திரை, ஊசி போன்ற நவீன முறைகள் என்று பார்த்தால் ஏறக்குறைய 34 விழுக்காடுதான். 1984இலும் மொத்த அளவு பாதியை ஒட்டியே இருந்தது. பிறப்பு குறைந்ததற்குத் திருமணம் தள்ளிப்போவதும் முக்கியக் காரணம்.

மாத்திரைக்குத் தட்டுப்பாடு இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் பெறலாம். மருந்தகத்தில் மருந்தாளரிடம் கேட்டும் வாங்கலாம். குறை விளக்கத்தில்தான். பெட்டிக்குள் இருக்கும் தாளில் தமிழைக் காண்பது அரிது. தோட்டத்திலோ பட்டணத்து அடுக்குமாடியிலோ இருக்கும் ஓர் அம்மா, தலைசுற்றல் வந்தால் யாரிடம் கேட்பார்? மாமியாரிடம் சொல்லத் தயக்கம். கணவருக்கு அது 'பொம்பளைங்க விஷயம்'. சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்.

இதன் விலை சிறியதல்ல. முறை தவறாமல் உட்கொண்டால், ஓராண்டில் கருத்தரிப்பவர் 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. மறதியோடு உட்கொள்ளும் அன்றாட நடைமுறையில் அது ஏறக்குறைய 7 பேர்.

பலரும் உட்கொள்ளும் கூட்டு ஹார்மோன் மாத்திரையில் ஒன்று விடுபட்டால், நினைவு வந்ததும் உட்கொண்டு அட்டையைத் தொடர வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேல் விடுபட்டால், மாத்திரையைத் தொடர்வதோடு 7 நாள்களுக்கு ஆணுறையும் தேவை. உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கட்டி வந்த வரலாறு, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இவ்வகை பொருந்தாது. அண்மையில் பிரசவித்துப் பாலூட்டும் தாய்மார் வேறு வகையைக் கேட்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் பிறகு குழந்தையே பிறக்காது என்பது வெறும் பயம். நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும்.

தாதியிடம் இவற்றைத் தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம். மொழி தடையானால் கணவர் உடன் சென்று கேட்டுச் சொல்லட்டும். பிள்ளை இருவருக்கும் உரியது என்றால், பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் பொறுப்பும் இருவருக்கும் உரியதே.