மெஷினோடு பேசாத தமிழன் என்றொரு கட்டுக்கதை

நம் கட்டுரையாளர்களுக்குப் பிடித்தமான கதை ஒன்று உண்டு. தமிழன் முகம் பார்த்துப் பேசுகிறவன், எதிரே 'ம்' கொட்ட ஆள் இல்லாவிட்டால் அவனுக்குப் பேச்சு வராது, அதனால்தான் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருந்த ஆன்சரிங் மெஷின் இங்கே ஒட்டவில்லை என்பது அந்தக் கதை. தனியாகக் கிடக்கிற வெள்ளைக்காரனுக்குத்தான் அந்தச் சாமான் வேண்டும், நமக்கு வீடு நிறைய ஆள் இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையும் கூடவே வரும். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். விற்பனைப் பிரதிநிதிகள் இதையே வேறு மாதிரி சொல்வார்கள்: "நம்ம ஜனங்களுக்கு அதெல்லாம் செட் ஆகாது சார்."

1995இலிருந்து பதினெட்டு வருடம் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் கடை வைத்திருந்தவன் நான். பாதிக் கடை எஸ்.டி.டி. பூத். மீதிப் பாதியில் போன் செட், கால்குலேட்டர், எமர்ஜென்சி லைட் விற்பனையும் ரிப்பேரும். கார்ட்லெஸ் போனும் ஆன்சரிங் மெஷினும் வாங்கியவர்கள், வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொண்டுவந்தவர்கள், பரணில் தூக்கிப் போட்டவர்கள் எல்லோரோடும் பேசியிருக்கிறேன். ஒருவர்கூட "என் பண்பாட்டுக்கு இது ஒத்துவரலை" என்று சொல்லி மெஷினைத் திருப்பித் தந்ததில்லை. அவர்கள் சொன்னதெல்லாம் காசைப் பற்றியும் கரண்டைப் பற்றியும்தான்.

காசுக் கதை எனக்கு பூத்திலேயே தெரிந்தது. கண்ணாடிக் கூண்டுக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரை முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் லைன் எடுக்கப்பட்ட நொடியில் அது ஓட ஆரம்பித்துவிடும். எடுத்தது மனுஷனா மெஷினா என்பது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வெளியூரில் யார் வீட்டிலாவது மெஷின் எடுத்தால், முதலில் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் நீளமாக எதையோ சொல்லும். பிறகு 'பீப்'. கூண்டுக்குள் நிற்கும் அம்மா "ஹலோ, ஹலோ, யாருங்க பேசுறது?" என்று கத்திவிட்டு வைப்பார். ராங் நம்பர் என்று நினைத்து மறுபடி போடுவார். மறுபடி அதே குரல். வெளியே வந்து ரசீதைப் பார்த்ததும் சண்டை. "எடுத்தது மெஷினுதானே தம்பி? மெஷினுக்கு எதுக்குக் காசு?"

நியாயமான கேள்வி. ஆனால் பில்லைக் கட்ட வேண்டியவன் நான். மாதத்துக்கு நாலு தடவையாவது இந்தச் சண்டை வரும்.

அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் உள்ளூர் அழைப்புக்குத் தனிக் காசு கிடையாது, மாத வாடகையோடு சரி. அங்கே மெஷினில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைப்பதால் ஒரு சென்ட்கூடச் செலவில்லை. இங்கே உள்ளூர்ப் பேச்சுக்கே யூனிட் கணக்கு. வெளியூர் என்றால் தூரம் கூடக் கூட நொடிகள் குறையும். சலுகைக் கட்டணத்துக்காக ராத்திரி பதினோரு மணி வரை பூத் வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்த ஜனங்கள் இவர்கள். அவர்களைப் பார்த்து 'மெஷினோடு பேசக் கூச்சப்படுகிறார்கள்' என்று எழுத எப்படி மனசு வருகிறது?

வெள்ளைக்காரன் மட்டும் காசு பார்க்காதவனா? அந்தக் காலத்து மெஷின்களில் 'டோல் சேவர்' என்று ஒரு பொத்தான் இருக்கும். வெளியூர் போன வீட்டுக்காரர் தன் மெஷினில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்க போன் போடுகிறார். பதிவு இருந்தால் மெஷின் இரண்டாவது மணியிலேயே எடுக்கும். இல்லையென்றால் நாலைந்து மணி வரை காத்திருக்கும். ஆகவே மூன்றாவது மணி அடித்தால் ஒன்றுமில்லை என்று தெரிந்து, மெஷின் எடுப்பதற்குள் வைத்துவிடலாம், காசு மிச்சம். நம் ஊர் 'மிஸ்டு கால்' மூளையேதான். அதை அவர்கள் பொத்தானாகச் செய்து பெட்டியிலேயே பொருத்திவிட்டார்கள். நாம் செய்தால் அது கலாச்சாரம், அவர்கள் செய்தால் தொழில்நுட்பம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் வால்டெமர் பவுல்சன் போனில் வரும் குரலைக் காந்தக் கம்பியில் பதியும் கருவிக்குக் காப்புரிமை கேட்டது 1898இல். 1930களில் பெல் ஆய்வுக்கூடத்தில் நல்ல பதிவுக் கருவிகள் தயாராகியும், தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி அவற்றை வெளியே விடவில்லை. பேச்சு பதிவாகும் என்று தெரிந்தால் ஜனங்கள் போனையே தவிர்ப்பார்கள் என்று பயம். அடுத்தவர் தயாரித்த கருவியைத் தங்கள் லைனில் மாட்டவும் அந்தக் கம்பெனி விடவில்லை. 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. வீட்டுக்கு வீடு மெஷின் வந்தது எண்பதுகளில். ஆக அமெரிக்கர்களும் அத்தனை வருடம் 'மெஷினோடு பேசாதவர்களாக' இருந்தார்கள், கம்பெனி விடாததால். அதை யாரும் அமெரிக்கப் பண்பாடு என்று சொல்லவில்லை.

எங்கள் ஊரில் மெஷினை முறையாகப் பயன்படுத்தியவர் ஒரு ரிடையர்டு டீச்சரம்மா. தனியாக இருந்தார், முழங்கால் வலி. மணி அடித்ததும் கொல்லையிலிருந்து ஓடிவந்து எடுப்பதற்குள் கட் ஆகிவிடும். மகன் நியூஜெர்சியிலிருந்து மெஷினோடு சேர்ந்த கார்ட்லெஸ் செட் ஒன்றை அனுப்பினார். அவர்கள் ஊர் கரண்ட் 120 வோல்ட், நமக்கு 230. அடாப்டரைச் சொருகிய அன்றே புகை. எங்கள் கடையில் வேறு அடாப்டர் போட்டு, முனை மாறாமல் பார்த்துச் சரிசெய்தோம். (அமெரிக்கா செட்டில் இன்னொரு வம்பும் உண்டு. 900 மெகாஹெர்ட்ஸ் செட்டின் அலைவரிசையில் ஒரு பகுதி நம் ஊர் செல்போன் அலைவரிசைமேல் உட்காரும். அதை யாரும் அனுப்பும்போது யோசிப்பதில்லை.)

பெட்டியோடு வந்த இங்கிலீஷ் குரலை அந்த அம்மா அழிக்கச் சொன்னார். தானே பதிந்தார்: "நான் வீட்லதான் இருக்கேன், நடந்து வர நேரமாகும். யாரு, என்னன்னு சொல்லிட்டு வைங்க, நானே கூப்பிடுறேன்." அவ்வளவுதான். அதற்கப்புறம் அவருக்குப் பேசாமல் வைத்தவர்கள் குறைவு. பால்காரர் பேசினார், சீட்டுக் கட்டுகிற பெண்கள் பேசினார்கள், பழைய மாணவர் ஒருவர் மகளின் கல்யாணத் தேதியையே மெஷினில் சொல்லிவிட்டு வைத்தார். தமிழில் ஒரு வாக்கியம் சொன்னதும் இத்தனை பேருக்கும் பேச்சு வந்துவிட்டது. இதை எந்தப் பண்பாட்டு ஆய்வாளர் விளக்குவார்?

ஆனாலும் பகலில் மெஷினை அணைத்தே வைத்தார். காரணம் சொந்தக்காரர்கள். மங்கலம்பேட்டையிலிருந்து தங்கை வீட்டில் இரண்டு மணி விட்டு வைத்தால் பஸ் ஏறியாச்சு, ஐந்து மணி விட்டால் வரவில்லை என்று ஒரு கணக்கு. நாலாவது மணியில் மெஷின் எடுத்துவிட்டால் தங்கைக்கு ஒரு யூனிட் தண்டம். "அக்கா, உன் பொட்டிய முதல்ல நிறுத்து" என்று அதே பெட்டியிலேயே திட்டிப் பதிந்திருந்தாராம். பதிந்ததைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து எங்களிடம் சொன்னார்.

இந்த மணிக் கணக்கைத்தான் மேலாண்மைப் பேராசிரியர்கள் இந்தியப் புத்திசாலித்தனம் என்று கொண்டாடுகிறார்கள். மிஸ்டு காலை வைத்தே தொழில் நடத்திய பெங்களூரு ஜிப்டயலை 2015 ஜனவரியில் ட்விட்டர் வாங்கியபோது எத்தனை புகழுரை! கையில் காசில்லாதவன் கண்டுபிடித்த வழியை அவனுடைய இயல்பு என்று எழுதிவிட்டால், கட்டணத்தை வைத்தவன் தப்பித்துக்கொள்கிறான். எனக்குக் கோபம் அங்கேதான்.

கரண்டுக்கு வருகிறேன். சாதாரணக் கம்பி போனுக்கு நம் வீட்டு மின்சாரமே வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாகவே வந்துவிடும். கார்ட்லெஸ் அப்படியில்லை. கரண்ட் போனால் பேஸ் செத்துவிடும், கையில் இருக்கிற ரிசீவரில் பேட்டரி நிறைந்திருந்தும் பிரயோஜனமில்லை. மெஷினும் அதோடு படுத்துவிடும். நெய்வேலி அனல் மின்நிலையம் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே பழுப்பு நிலக்கரி எரிந்து ஊருக்கெல்லாம் மின்சாரம் போகும். 2012இல் சென்னையைத் தவிர்த்த தமிழ்நாடு ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் இருட்டில் கிடந்தபோது எங்களுக்கும் அதே இருட்டு. அதற்கு முந்தைய டிசம்பர் 30இல் தானே புயல் அடித்து கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. அந்த நாட்களில் என் கடைக்கு வந்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: "பழைய சுத்துற போன் ஏதாவது கிடக்குதா?"

பீங்கான் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணன் கார்ட்லெஸ்ஸை விரும்பி வாங்கினார். எங்கள் ஊர் பட்டறைகளில் அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்வார்கள். சூளை எரியும்போது விட்டு நகர முடியாது. கார்த்திகைக்கு முந்தின மாதங்களில் விளக்கு ஆர்டர் வரும் நேரமும் அதுதான். ரிசீவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சூளைப் பக்கம் நிற்கலாம் என்பது அவர் கணக்கு. செங்கல் சுவரும் தகரக் கூரையும் தாண்டி சிக்னல் வரவில்லை. வந்த இடத்தில் பக்கத்துத் தெரு வீட்டுச் சண்டை கேட்டது, இரண்டு செட்டும் ஒரே சானல். ஐப்பசி மழையில் ஒரு இடி, லைன் வழியாக இறங்கி பேஸைக் கருக்கியது. கார்ட்லெஸ்ஸில் ஒரு பக்கம் போன் லைன், மறுபக்கம் கரண்ட் லைன், நடுவில் அந்தச் சின்ன போர்டு, இடிக்கு இரண்டு வாசல். மூன்று தடவை சரிசெய்து கொடுத்தேன். நாலாவது தடவை அவர் செல்போன் வாங்கிவிட்டார். இதில் பண்பாடு எங்கே இருக்கிறது, எனக்குத் தெரிந்து கூரைத் தகரமும் இடியும்தான் இருந்தன.

பதில் சொல்லாத ஒன்றிடம் நம் ஜனங்கள் பேசமாட்டார்கள் என்பவர்கள் ஒருமுறை எங்கள் ஊருக்கு வர வேண்டும். விருத்தாசலத்தை ஒட்டியிருக்கிற மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே பிராது கட்டுவது பிரசித்தம். களவு போன நகை, திரும்பாத கடன், பிரிந்து போன புருஷன் என்று மனசில் இருப்பதை அப்படியே தாளில் எழுதி, பூசை வைத்து, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறார்கள். தங்கள் ஊரிலிருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரமோ அதற்குத் தகுந்த சிறு கட்டணமும் உண்டு. அசல் எஸ்.டி.டி.! காரியம் முடிந்ததும் வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார் என்ற நம்பிக்கையில் இத்தனை பேர் வரிசையில் நிற்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, 'பீப்' சத்தத்துக்கு அப்புறம் பேச இவர்களுக்கு வராது என்றால் நான் எப்படி நம்புவது? சுந்தரர் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டு திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிற ஊர் இது. இங்கே போட்டால் அங்கே கிடைக்கும் என்பது எங்களுக்குப் புதிதில்லை.

அதற்கும் மேலே சாட்சி வேண்டுமென்றால் வாட்ஸ்அப். 2013 ஆகஸ்டில் அதில் குரல் பதிவு வந்தது. காசும் இல்லை, இங்கிலீஷ் வரவேற்பும் இல்லை, ரிசீவரைத் தேடி ஓடவும் வேண்டாம். இன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் போனை வாய்க்கு நேராகப் படுக்கவைத்துக்கொண்டு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் யாரும் 'ம்' கொட்டாமலே பேசுகிற அத்தைகளையும் சித்தப்பாக்களையும் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் தமிழனின் பண்பாடு தலைகீழாகிவிட்டதா, மீட்டர் நின்றதா?

பழங்கதைக்கு இத்தனை கோபம் எதற்கு என்று கேட்கலாம். கதை பழசாகவில்லை என்பதால்தான். அன்றைக்கு மெஷின் வீட்டுக்காரர் பக்கம் இருந்தது, இன்றைக்கு கம்பெனிகள் பக்கம் இருக்கிறது. வங்கிக்குப் போட்டால் மெஷின், கேஸுக்குப் போட்டால் மெஷின். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, பதினாறு இலக்க எண்ணைப் போடு, அத்தனையும் முடித்த பிறகு லைன் கட். நாம் சொல்ல வந்ததைப் பதிந்துகொள்ள மட்டும் அந்த மெஷினில் இடம் இருக்காது. மனுஷனோடு பேச எந்த எண் என்று கடைசி வரைக்கும் சொல்லாது. 'நம்ம ஜனங்களுக்கு மெஷின் ஆகாது' என்று அன்றைக்குச் சொன்னவர்களின் வாரிசுகள்தான் இதை வைத்திருக்கிறார்கள்.

அந்த டீச்சரம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. போன வருடம் அவர் வீட்டுச் செம்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் மாட்டினார்கள். பேச்சு தெளிவாக இருக்கிறது, குறையில்லை. ஆனால் ஃபைபர் வழியாக 48 வோல்ட் வராது. கரண்ட் போனால் மோடம் அணையும், மோடம் அணைந்தால் போனும் ஊமை. தனியாக இருக்கிற கிழவிக்கு ராத்திரி கரண்ட் போன நேரத்தில்தான் போன் வேண்டும். மோடத்துக்கென்றே சின்ன யு.பி.எஸ். பெட்டிகள் வந்திருக்கின்றன, சில மணி நேரம் தாங்கும். அதை இணைப்போடு சேர்த்துக் கொடுக்கக் கூடாதா என்று மாட்ட வந்த பையனிடம் கேட்டேன். "கேக்குறவங்க யாரும் இல்ல சார். வயசானவங்க இப்ப லேண்ட்லைன்ல எங்க பேசுறாங்க?" என்றான். நல்ல பையன், வேலையைச் சுத்தமாகச் செய்தான். அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி. அந்த வீட்டு மோடத்துக்கு யு.பி.எஸ்.ஸை நானே வாங்கி மாட்டினேன். அந்தத் தெருவில் ஃபைபர் மாட்டிய மற்ற வீடுகளில் தனியாக இருக்கிற பெரியவர்கள் எத்தனை பேர் என்று இணைப்பு கொடுக்கிறவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.