திண்ணைக்கு வலை வேண்டும், பூட்டு வேண்டாம்

புதுக்கோட்டை ஜில்லாவில் தெருத்திண்ணைகள் ஒவ்வொன்றாய்ச் செங்கற்சுவருக்குள் மறைந்து வருகின்றன. கொசுத் தொல்லையே காரணமென்கிறார்கள் ஜனங்கள். தொல்லை பொய்யன்று. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் 1897-ல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டார். 1900-ல் ரோமாபுரிக்கருகே ஜுரம் மலிந்த சதுப்பு நிலத்தில், சாம்பன், லோ என்னும் வைத்தியர்கள் கம்பிவலையிட்ட குடிலில் மாதக்கணக்கில் வசித்து நோயின்றி மீண்டனர். டெங்குவைப் பரப்பும் கொசுவோ பகலிலே கடிப்பது. இரவில் படுக்கைக்குக் கட்டும் வலை அதற்குப் போதாது.

ஆதலின் திண்ணைக்குக் கம்பிவலை அடிப்பதை நாம் மனமார ஆதரிக்கிறோம். தேங்கிய நீரை அகற்றாது வலையை மட்டும் நம்புவதும் பேதைமையே. ஆனால் சுவர் எதற்கு? வலை கொசுவைத் தடுத்துக் காற்றை விடும். சுவர் காற்றையும் தடுக்கும், வழிப்போக்கனையும் தடுக்கும். வெயிலில் வந்தவன் கேளாமலே அமர்ந்து இளைப்பாறும் இடமன்றோ திண்ணை! சில ஜாதியாரை அங்கு அமரவிடாத கொடுமை நடந்ததும் மெய்யே. அதற்குப் பரிகாரம் திண்ணையை அடைப்பதன்று, அனைவருக்கும் திறப்பதே. வலைக்கதவு இருக்கட்டும், அதற்குப் பூட்டு மட்டும் வேண்டாமென்பதே நமது அபிப்பிராயம்.