சிவப்புப் புத்தகமும் கறுப்புச் சட்டமும்

2019 நவம்பர் முதல் தேதி இரவு, கேரள மாநிலம் கோழிக்கோட்டை அடுத்த பந்தீராங்காவில் இரண்டு இளைஞர்களைப் போலீஸார் பிடித்தார்கள். ஒருவர் அலன் ஷுஹைப், சட்டம் படிக்கும் மாணவர். மற்றவர் தாஹா ஃபஸல், இதழியல் மாணவர். இருவருமே அப்போது மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் கிளை உறுப்பினர்கள். துப்பாக்கி கிடைத்ததா? இல்லை. வெடிகுண்டு கிடைத்ததா? அதுவும் இல்லை. ஆயுதம் எடுத்ததாகப் போலீஸாரே சொல்லவில்லை. கிடைத்தவை புத்தகங்கள், துண்டறிக்கைகள், ஒரு பேனர். மார்க்ஸ், மாவோ பற்றிய நூல்களும் அவற்றில் இருந்தன. போதாதா? போட்டார்கள் யு.ஏ.பி.ஏ. வழக்கு!

அந்தத் துண்டறிக்கைகள் எதைப் பற்றியவை என்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கச் சொன்ன காட்கில் குழு அறிக்கையைப் பற்றி ஒன்று. காஷ்மீரைப் பற்றி ஒன்று. அட்டப்பாடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்து ஒன்று. கைதுக்குச் சில நாட்கள் முன்புதான், அக்டோபர் மாத இறுதியில், நம் கோவை மாவட்டத்தை ஒட்டிய அட்டப்பாடியின் மஞ்சிக்கண்டி காட்டில் கேரள அதிரடிப்படை 4 பேரை மாவோயிஸ்டுகள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றிருந்தது. அவர்களில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மணிவாசகமும் ஒருவர். அது மோதலா, திட்டமிட்ட கொலையா என்று பலரும் கேட்டார்கள். ஆளும் கூட்டணியில் இருந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சியே கேட்டது. அவர்கள் கேட்டால் அரசியல். அதையே இந்த இரண்டு மாணவர்கள் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்தால் பயங்கரவாதமாம்!

சகோதரர்களே, இதைச் செய்தது பா.ஜ.க. ஆட்சி அல்ல. யு.ஏ.பி.ஏ.வை ஆள்தூக்கிச் சட்டம் என்று நாடெங்கும் மேடை போட்டுக் கண்டித்த இடதுசாரிகளின் ஆட்சி. எந்தக் கட்சி மார்க்சையும் லெனினையும் படியுங்கள் என்று அந்த இளைஞர்களுக்கு வகுப்பு எடுத்ததோ, அந்தக் கட்சியின் போலீஸ் இலாகா. அகில இந்தியத் தலைமையில் பிரகாஷ் காரத் போன்றவர்கள் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியது தவறு என்றார்கள். முதலமைச்சர் பினராயி விஜயனோ, அவர்கள் கட்சிக்காரர்கள் அல்லர், மாவோயிஸ்டுகள் என்று விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார். 2019 டிசம்பரில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குப் போனது. எதிர்க்கட்சிகள் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பிய பிறகு, 2020 பிப்ரவரியில், வழக்கைத் திருப்பித் தாருங்கள் என்று அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார் அதே முதலமைச்சர். யாரிடம் ஒப்படைத்துவிட்டு யாரிடம் கேட்கிறார் பாருங்கள்!

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கைதான இருவரின் பெயர்களும் முஸ்லிம் பெயர்கள் அல்லவா? அதே நவம்பர் மாதம் அக்கட்சியின் கோழிக்கோடு மாவட்டச் செயலாளர் பி. மோகனன், மாவோயிஸ்டுகளை வளர்த்துவிடுவதே இஸ்லாமியத் தீவிரவாத அமைப்புகள்தான் என்ற பொருள்படப் பொதுமேடையில் பேசினார். மாவோவின் புத்தகத்துக்கும் முஸ்லிமுக்கும் முடிச்சுப் போட்டாகிவிட்டது. இருவரும் வளர்ந்ததோ இவர்கள் கட்சியின் கிளையில்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயுதம் தாங்கிய மாவோயிஸ்டு அரசியலில் நமக்கு உடன்பாடு இல்லை. இறைவனை மறுக்கும் மார்க்சியத் தத்துவத்திலும் உடன்பாடு இல்லை. நம் கேள்வி அதுவல்ல. ஒரு புத்தகத்தை வைத்திருப்பது குற்றமா என்பதே கேள்வி.

நீதிமன்றங்கள் இதற்குப் பதில் சொல்லியிருக்கின்றன. சத்தீஸ்கரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் பினாயக் சென்னுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது, 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவரை ஜாமீனில் விட்டது. காந்தியின் சுயசரிதையை வைத்திருப்பவர் எல்லாம் காந்தியவாதி ஆகிவிடுவாரா என்ற பொருளில் நீதிபதிகள் அன்று கேட்ட கேள்வி நாடறிந்தது. கோழிக்கோடு இளைஞர்களுக்கு 2020 செப்டம்பரில் என்.ஐ.ஏ. நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2021 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் தாஹாவின் ஜாமீனை மட்டும் ரத்து செய்து மறுபடியும் உள்ளே அனுப்பியது. 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. இளம் வயதில் ஒரு சித்தாந்தத்தால் ஈர்க்கப்பட்டிருக்கலாம், அதன் நூல்களையும் ஆவணங்களையும் வைத்திருக்கலாம். தடை செய்யப்பட்ட அமைப்பின் செயல்களை முன்னெடுக்கும் நோக்கம் இருந்ததற்கு அது மட்டும் ஆதாரம் ஆகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நல்ல தீர்ப்புதான். ஆனால் அது வருவதற்குள் ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் வாழ்வில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டதே, அதை எந்த நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கும்?

பீமா கோரேகான் வழக்கில் நடந்தது இன்னொரு வேடிக்கை. 2018 ஆகஸ்டில் கைதான வெர்னன் கோன்சால்வஸின் ஜாமீன் மனு 2019 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 'வார் அண்ட் பீஸ்' என்ற நூலை ஏன் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று நீதிபதி கேட்டதாகச் செய்தி வந்தது. டால்ஸ்டாய் எழுதிய, டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று தமிழில் தந்த அந்த ரஷ்ய நாவலா என்று நாடே கைகொட்டிச் சிரித்தது. மறுநாள் விளக்கம் வந்தது. அது டால்ஸ்டாய் அல்ல. மேற்கு வங்கத்து ஜங்கல்மஹால் பகுதியைப் பற்றி பிஸ்வஜித் ராய் தொகுத்த வேறு நூலாம். உடனே சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஏன் மூட வேண்டும்? அந்த நூலும் தடை செய்யப்பட்டதல்லவே! டால்ஸ்டாய் என்றால் அநியாயம், ஜங்கல்மஹால் என்றால் நியாயமா? உலகப் புகழ்பெற்ற நாவலுக்காகப் பரிந்து பேச எல்லாரும் வருவார்கள். ஆதிவாசியின் காட்டைப் பற்றிய புத்தகத்துக்காகப் பேச யார் வருவார்கள் என்பதுதான் சோதனை. வன்முறையைப் பரப்பும் நூலாகவே இருந்தாலும், வெறுமனே வைத்திருப்பது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அவரை ஜாமீனில் விட்டபோது தேதி 2023 ஜூலை 28. கைதாகி ஏறக்குறைய 5 ஆண்டுகள்!

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மார்க்ஸ், லெனின் நூல்கள் இந்த நாட்டில் ஒளித்து விற்கப்படுபவை அல்ல. சோவியத் யூனியன் இருந்த காலத்தில் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, மலிவு விலையில் ஊர் ஊராக வந்து இறங்கியவை. என்.சி.பி.எச். கடையில் பட்டப்பகலில் வாங்கலாம். 'கம்யூனிஸ்ட் அறிக்கை' 1931இலேயே பெரியாரின் 'குடிஅரசு' ஏட்டில் தமிழில் வரத் தொடங்கிவிட்டது. புத்தகக் கண்காட்சியில் லெனினை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறவரை எந்தப் போலீஸும் நிறுத்துவதில்லை. அதே புத்தகம் அட்டப்பாடிக்காகத் துண்டறிக்கை அச்சிட்டவன் அறையில் இருந்தால் சாட்சியமாகிவிடுகிறது. கடையில் இருக்கும்வரை அது சரக்கு. போராடுகிறவன் கைக்கு வந்தால் ஆயுதம்! அப்படியானால் அரசு அஞ்சுவது புத்தகத்துக்கா, போராட்டத்துக்கா?

ஷாஹீன் பாகில் நம் தாய்மார்களும் சகோதரிகளும் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2019 டிசம்பர் முதல் 2020 மார்ச் வரை குளிரில் அமர்ந்திருந்தார்களே, அங்கே பேருந்து நிறுத்தத்தில் ஒரு நூலகம் முளைத்தது. அதற்கு ஃபாத்திமா ஷேக் - சாவித்திரிபாய் புலே பெயரை வைத்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் டெல்லி எல்லையில் அமர்ந்த பஞ்சாப் விவசாயிகள் டிராக்டர் வண்டிகளுக்கு நடுவே நூலகம் வைத்தார்கள். சொந்தமாக 'டிராலி டைம்ஸ்' என்று பத்திரிகையே நடத்தினார்கள். போராட்டம் எங்கே நீடிக்கிறதோ அங்கே வாசிப்பு வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் சாலையில் உட்கார்ந்திருப்பவனுக்கு, தன்னைப் போல முன்பு யார் உட்கார்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வருமா வராதா? அந்தக் குடியுரிமைப் போராட்டத்துக்காகக் கைதான ஷர்ஜீல் இமாமின் குற்றப்பத்திரிகையில் டெல்லி போலீஸார் பால் பிராஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் நூலையும் இழுத்தார்கள். அந்தப் பேராசிரியர் இடதுசாரியும் அல்லர், முஸ்லிமும் அல்லர். இந்தியக் கலவரங்களை ஆராய்ந்தவர். ஆராய்ச்சி மாணவன் ஆராய்ச்சி நூலைப் படித்ததால் தீவிரவாதி ஆகிவிட்டானாம்!

'கம்யூனிஸ்டு புத்தகத்துக்காகக் கம்யூனிஸ்டு கவலைப்படட்டும், நமக்கென்ன?' என்று நம்மில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. அவர்களுக்குக் காஷ்மீரைக் காட்டுகிறோம். 2025 பிப்ரவரியில் ஸ்ரீநகர் புத்தகக் கடைகளில் போலீஸார் புகுந்து 668 நூல்களை அள்ளினார்கள். பெரும்பாலும் மௌலானா மௌதூதியின் நூல்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, 370ஆவது பிரிவு நீக்கப்பட்ட அதே தேதியில், 25 நூல்களுக்குத் தடை விதித்தது ஜம்மு-காஷ்மீர் உள்துறை. அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். மௌதூதியின் 'அல் ஜிஹாத் ஃபில் இஸ்லாம்' அதில் இருக்கிறது. இமாம் ஹஸனுல் பன்னாவின் நூல் இருக்கிறது. கூடவே அருந்ததி ராயின் 'ஆஸாதி' இருக்கிறது. கடவுள் நம்பிக்கையே இல்லாத இடதுசாரி தாரிக் அலியின் எழுத்து இருக்கிறது. சட்ட அறிஞர் ஏ.ஜி. நூரானியின் 'காஷ்மீர் தகராறு' வரலாற்று நூலும் இருக்கிறது. மௌதூதியும் தாரிக் அலியும் ஒரு மேடையில் ஒன்றாக அமர்ந்திருக்கவே முடியாது. ஒரே அரசாணையில் அமர வைத்துவிட்டார்கள்! நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு நமக்குத்தான் பெரிது. தடை போடுகிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சரித்திரத்தையும் கொஞ்சம் புரட்டுங்கள். 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்ற முழக்கத்தைத் தந்தவர் மௌலானா ஹஸ்ரத் மோஹானி. 1921இல் அஹமதாபாத்தில் முழு விடுதலை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர். 1925இல் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்டு மாநாட்டின் வரவேற்புக் குழுத் தலைவரும் அவரே. பலமுறை ஹஜ் செய்த மனிதர்! எகிப்தில் ஆங்கிலேயர் நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்துத் தம் ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டதற்காக 1908இலேயே சிறைக்குப் போனவர். எழுதியவர் யார் என்று கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை. 1929இல் மீரட் சதி வழக்கில் ஆங்கிலேயன் கம்யூனிஸ்டுகளைப் பிடித்தபோது, கட்டுக்கட்டாகப் புத்தகங்களையும் காகிதங்களையும்தான் கோர்ட்டில் குவித்தான். முஸஃபர் அஹமதும் ஷவ்கத் உஸ்மானியும் அந்தக் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். இந்த வரலாற்றைத் தோழர்கள் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். மீரட்டில் ஆங்கிலேயன் செய்ததற்கும் பந்தீராங்காவில் தாங்கள் செய்ததற்கும் என்ன வேறுபாடு என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கொண்டாடட்டும்.

'1988இல் ருஷ்டியின் நூலுக்குத் தடை கேட்டவர்கள்தானே நீங்கள்?' என்று அவர்கள் திருப்பிக் கேட்கலாம். ஆம், கேட்டோம். உயிரினும் மேலாக நாம் மதிக்கும் நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் நூல் இங்கே இறக்குமதியாகக் கூடாது என்று அரசிடம் முறையிட்டோம். அதை வைத்திருந்த கல்லூரி மாணவனைப் பிடித்து விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பூட்டி வையுங்கள் என்று கேட்கவில்லை. நூலை எதிர்ப்பது வேறு, வாசித்தவனைச் சிறையில் தள்ளுவது வேறு. இந்த வேறுபாடு தெரியாதவர்கள் விவாதத்துக்கு வர வேண்டாம்.

இளைஞர்களின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயந்துபோய்ப் பிள்ளைகளின் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனிடம் போடாதீர்கள். கொல்லையில் வைத்துக் கொளுத்தாதீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நூலைப் பறிமுதல் செய்ய வேண்டுமானால் மாநில அரசு காரணம் காட்டி அரசிதழில் அறிவிக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 95ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் 98ஆவது பிரிவு. அந்த அறிவிப்பை எதிர்த்து 2 மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்றும் புதிய சட்டமே சொல்கிறது. ஆகவே வீட்டுக்குள் போலீஸார் வந்து புத்தகத்தை எடுத்தால், வக்கீலுக்குத் தகவல் சொல்லுங்கள். மகஜரில் வெறுமனே 'ஆட்சேபகரமான புத்தகங்கள் 12' என்று எழுத விடாதீர்கள். நூலின் முழுப் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் வர வேண்டும். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், நகல் கேளுங்கள். 'இது தடை செய்யப்பட்ட புத்தகம்' என்று சொன்னால், எந்த அரசிதழ், என்ன தேதி என்று கேளுங்கள்.