சட்டாம்பிள்ளையும் சண்டியனும்

அமெரிக்காவைக் கண்டிக்க முற்படும் தமிழ்ப் பத்திரிகையாளனுக்கு முதலில் கைகொடுக்கும் சொல் ஒன்றுண்டு: சட்டாம்பிள்ளைத்தனம். 'உலகச் சட்டாம்பிள்ளை' என்று தலைப்பிட்டுவிட்டால் கண்டனம் நிறைவேறிவிட்டதென்பது செய்தி மேசைகளின் நம்பிக்கை. நானும் அவ்வாறு பலமுறை எழுதியவன்தான். அது பிழையென இன்று கருதுகிறேன்.

சட்டாம்பிள்ளை என்பவன் யார்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லாத வேளையில் இளையவர்களை மேய்ப்பதற்கு அவராலேயே அமர்த்தப்பட்ட மூத்த மாணாக்கன். அவன் கையிலிருப்பது இரவல் பிரம்பு. வரம்பு மீறினால் ஆசிரியர் திரும்பியதும் அது அவன் முதுகிலேயே விழலாம். அவனது மிடுக்கு எரிச்சலூட்டும். ஆயினும் அவனது அதிகாரத்துக்கு ஒரு மூலமும் ஓர் எல்லையும் உண்டு.

எமது பேச்சில் சண்டியன் என்பவனோ வேறு. அவனை எவரும் நியமிப்பதில்லை. அவன் எவருக்கும் கணக்கொப்புவிப்பதுமில்லை.

ஈராக்கையே எடுத்துக்கொள்வோம். 1990இல் அது குவைத்தை விழுங்கியபோது, பலப்பிரயோகத்துக்குப் பாதுகாப்புச் சபை 678ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் அனுமதியளித்தது. 1991 யுத்தத்தில் அமெரிக்கா காட்டிய மிடுக்கைச் சட்டாம்பிள்ளைத்தனம் என்பதில் நியாயமுண்டு. 2003 மார்ச்சில் நடந்தது என்ன? புதிய தீர்மானத்துக்கு ஆதரவு கிட்டாதெனக் கண்டதும் அதைக் கைவிட்டுவிட்டு, அமெரிக்காவும் பிரித்தானியாவும் படையெடுத்தன. அது சட்டவிரோதமென 2004இல் ஐ.நா. செயலாளர் நாயகம் கொபி அனானே கூறினார். காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதக் கையிருப்புகளும் அகப்படவில்லை. இதற்குப் பெயர் சண்டித்தனம்.

'அது தெருச்சொல்; ஆசிரியர் தலையங்கத்துக்கு ஒவ்வாது' என்பர் சிலர். செயல் தெருச்சண்டியனுடையதாக இருக்கையில் சொல்லுக்கு மட்டும் சால்வை போர்த்துவானேன்? அத்துமீறியவனைச் சட்டாம்பிள்ளை என்பது, எவரும் கொடுக்காத நியமனக் கடிதத்தை நாமே எழுதிக் கொடுப்பதாகும்.

யாழ்ப்பாணத்தில் சட்டம்பியார் என்றால் ஆசிரியர். மலையாளத்திலும் சட்டம்பி ஒருகாலத்தில் மாணவர் தலைவனே. சட்டம்பி சுவாமிகளுக்கு (1853–1924) அப்பெயர் வந்தது அவ்வாறுதான். இன்றோ அங்கு சட்டம்பி என்றால் ரவுடி. நியமனம் பெற்றவனையும் பெறாதவனையும் பிரித்த கோடு அச்சொல்லில் அழிந்துவிட்டது. எம்மிடம் இன்னமும் இரு சொற்கள் இருக்கின்றன. எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: பிரம்பைக் கொடுத்தவர் யார்?