முற்றிய வயிற்றுப் புற்றுநோய்க்கு கூட்டு கீமோ: அப்பாவிடம் மறைக்கலாமா?

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், அல்சர்னு சொல்லிக்கலாம்." நம்ம வீடுகளில் இது பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால் இரைப்பைப் புற்றுநோய் கல்லீரல் வரை பரவிய பிறகு, இப்படி மறைப்பது நோயாளிக்கு நல்லதில்லை. ஏன் என்று புரிய, முதலில் சிகிச்சையைப் பார்ப்போம்.

கூட்டு கீமோ என்றால் என்ன?

புற்றுசெல்களை வெவ்வேறு விதமாகத் தாக்கும் இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது. அதிகம் பயன்படும் ஜோடி: ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப், கேப்சைட்டபின் மாத்திரை. முதல் நாள் டிரிப், 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு. 21 நாளுக்கு ஒரு சுற்று. பயாப்ஸியில் 'ஹெர்2' பாசிட்டிவ் என்று வந்தால் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்தும் சேரும்.

குணமாகிடுமா?

பெரும்பாலும் இல்லை. நோயைக் கட்டுப்படுத்தி, தொந்தரவுகளைக் குறைத்து, ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிப்பதுதான் நோக்கம். அந்த மாதங்கள் சின்ன விஷயமில்லை.

மருந்து கூடினால் பலனும் கூடுமா?

கூடும், ஆனால் விலை உண்டு. 2006-ல் வெளியான வி325 ஆய்வில், இரண்டு மருந்துகளோடு மூன்றாவதாக டோசிடாக்சல் சேர்த்தபோது நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 8.6 மாதத்திலிருந்து 9.2 மாதமானது. கடுமையான வெள்ளணுக் குறைவோ 57 சதவீதத்திலிருந்து 82 சதவீதமானது. இன்னொரு பக்கம், முதியவர்கள், உடல் தளர்ந்தவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஜிஓ2 ஆய்வில், 60 சதவீத அளவு மருந்தே நோயைக் கட்டுப்படுத்துவதில் முழு அளவுக்கு ஈடுகொடுத்தது. பக்கவிளைவும் குறைவு.

அப்போ யார் முடிவெடுப்பது?

ஆக்ஸாலிபிளாட்டினால் விரல் நுனிகள் மரத்துப்போகலாம். ஒரு தையல்காரருக்கு அது வெறும் பக்கவிளைவு இல்லை, பிழைப்பு. கூடுதலாகச் சில வாரங்களா, கொஞ்சம் நிம்மதியான நாட்களா? இதை அவரைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

மறைப்பதில் நேரடி ஆபத்தும் இருக்கு. கீமோ காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெள்ளணு குறைந்த நேரத்தில் தொற்று உயிரைப் பறிக்கலாம். 'எனக்கு அல்சர்தானே' என்று நம்புபவர் ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

எல்லாப் புள்ளிவிவரத்தையும் அவர் தலையில் கொட்டச் சொல்லவில்லை. "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்கப்பா?" என்று கேட்டாலே போதும். வேண்டாம் என்றால் அதுவும் அவர் முடிவு. டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சிகிச்சையின் நோக்கம் என்ன, ஹெர்2 டெஸ்ட் எடுத்தாச்சா, மருந்தின் அளவைக் குறைக்க வழி இருக்கா? கேட்கும்போது அப்பாவும் அந்த அறையில் இருக்கட்டும்.