உல்லாசப் படகும் உரியார் பொறுப்பும்

நீர்நிலையைக் கண்டால் இளைஞர் உள்ளம் துள்ளுதல் இயல்பு. பாடநூல்களை மூடிவைத்துவிட்டு, தோழருடன் ஒருநாள் ஏரிக்கரை சென்று, படகேறி உலாவி மீளும் இன்பத்திற்கு ஈடு யாது? அவ்வின்பத்தைக் குறைகூறுவதற்காக யாம் இதனை எழுதப் புகுந்தோமல்லோம். அதனிடையே ஒருவர்க்கு ஊறு நேருமாயின், அதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர் யாவர் என்னும் வினாவையே ஈண்டு ஆராயக் கருதுகின்றோம்.

சென்ற ஆண்டு எம் வகுப்பினர் ஓர் ஏரிக்கு உலாச் சென்றிருந்தோம். சீட்டு வாங்குமிடத்தில், "சொந்தப் பொறுப்பிலேயே பயணம் செய்க, விபத்துக்களுக்கு நிர்வாகம் பொறுப்பன்று" என்று ஒரு பலகை தொங்கிற்று. யாம் அதனை வாசித்து நகைத்தோமேயன்றி நின்று எண்ணினோமல்லோம். உயிர்காப்பு அங்கிகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றுட் பலவற்றிற்குக் கொக்கியே இல்லை. திரும்பும்போது படகு துறையை அணையுமுன் எம்முள் ஒருவர் எழுந்து தாவ முயன்றார். படகோட்டியாகிய முதியவர், "தம்பி, பொறுங்கள், இன்னும் கயிறு கட்டவில்லை" என்று கூவினார். அவர் கூவி வாய்மூடுமுன் படகு அலைந்து கற்சுவரில் மோதிற்று. எம் நண்பரின் வலக்கை இடையிலே நசுங்கியது; இரண்டு விரல்கள் ஒடிந்தன. அவ்வாண்டுத் தேர்வினை அவர் எழுத இயலவில்லை. மருத்துவச் செலவைக் கேட்டபோது படகுக் குத்தகைக்காரர் அப்பலகையைச் சுட்டிக் காட்டினார். முதியவரையோ, ஒருவாரம் வேலைக்கு வரவேண்டாவென்று கூலியின்றி நிறுத்திவிட்டார். துறையில் நின்று கயிறு பற்றுதற்கு ஓர் ஆளை வையாதது அம்முதியவர் குற்றமோ? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

எம் நண்பர்க்கு நேர்ந்தது சிறிது. பிறர்க்கு நேர்ந்தவை மிகப் பெரியன. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில், கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, பழவேற்காட்டு ஏரியில் மீன்படகேறி உலாவச் சென்றவருள் 22 பேர் கரை மீளவில்லை. 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், மீன்படகாயிருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்ட ஒன்று அளவுக்கு மிஞ்சிய ஆட்களுடன் கவிழ, 22 பேர் இறந்தனர். 2024ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் வடோதரா நகரத்து ஹர்ணி ஏரியில் உயிரிழந்தோர் உலாச் சென்ற 12 மாணாக்கரும் 2 ஆசிரியருமாவர். அவ்வேரி நகராட்சிக்கு உரியது. படகு நடத்தியது குத்தகை எடுத்த தனியார். ஆகவே பொறுப்பு எவரைச் சேர்ந்தது என்னும் வினா ஆங்கும் எழுந்தது.

இனிச் சட்டம் யாது கூறுகின்றது என்று நோக்குவோம். உயிர்க்கு இடையூறு விளைக்கும் நிலையிலுள்ள படகிலோ, அளவுக்கு மிஞ்சிய பாரமேற்றிய படகிலோ, ஒருவரைக் கூலிக்கு நீர்வழி கொண்டு செல்லுதல் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே குற்றமென விதிக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் பாரதீய நியாய சன்ஹிதையின் 284ஆம் பிரிவும் அதனையே கூறும். அறிந்தோ அசட்டையாகவோ கொண்டு செல்பவனை மட்டுமன்றி, கொண்டு செல்லுமாறு செய்பவனையும் அச்சட்டம் ஒருங்கே சுட்டுகின்றது. துடுப்புப் பிடித்தவனைச் சிறையிலிட்டு, சீட்டு விற்றவனை வீட்டுக்கனுப்புதல் சட்டத்தின் கருத்தன்று என்பது இதனால் தெளிவாம்.

தண்டனை ஒருபுறமிருக்க, ஊறுபட்டவர்க்கு வேண்டுவது நஷ்டஈடு. வேலையாள் தன் வேலையின்கண் செய்த பிழைக்கு முதலாளி பொறுப்பாவான் என்பது உரிமைவழக்கில் நெடுங்காலமாக நிலைத்த நெறி. கூலி கொடுத்துப் படகேறுவோர் நுகர்வோராவர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அசட்டையால் விளைந்த கேட்டினையும் சேவைக் குறைபாடாகக் கொள்கின்றது. ஈராண்டுக்குள் முறையிட வழியும் வகுத்துள்ளது.

அங்ஙனமாயின் அப்பலகை எற்றுக்கு? தன் அசட்டையால் விளையும் சாவுக்கும் ஊறுக்கும் உள்ள பொறுப்பை அறிவிப்பினாலோ ஒப்பந்தத்தினாலோ தொழில் நடத்துவோர் விலக்கிக்கொள்ள இயலாதென்று இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. நம் நாட்டிலும் அங்ஙனம் ஐயத்திற்கிடமின்றி ஒரு விதி வேண்டும் என்பதே எம் கோரிக்கை. 1932ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையில் தீர்ப்புரைத்த அட்கின் பிரபு, தன் அயலான் யாவன் என்று நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுபெருமானை வினவிய வினாவையே எடுத்துக்கொண்டு, நம் செயலால் ஊறுபடுவரென்று நாம் முன்னறியத்தக்கோர் அனைவரும் சட்டத்தின் கண்ணில் நம் அயலாரே என்று விளக்கினார். சீட்டு வாங்கிப் படகேறுவோனினும் அண்மையான அயலான் படகுடையவனுக்கு யாவன்?

பொறுப்பைப் பெருக்கினால் ஏழைப் படகோட்டிகளின் பிழைப்புக் கெடும் எனச் சிலர் கூறுவர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயின் அதற்கு மருந்து காப்புறுதியேயன்றிப் பொறுப்பைக் கைவிடுதலன்று. சாலையில் ஓடும் மோட்டார் வண்டிக்குப் பிறர் இடருக்கான காப்புறுதியின்றியமையாது. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகட்கும் அதனை விதித்துள்ளது. துடுப்புப் படகுக்கும் மிதிபடகுக்கும் அத்தகைய காப்பு வேண்டும். தனிப்படகு உடைய மீனவர்க்கு ஊராட்சியோ அரசோ அதற்குத் துணைசெய்தல் தகும். சீட்டொன்றுக்குச் சிறுதொகை கூட்டினும் ஏறுவோர் வருந்தார்.

நிற்க. ஏறுவோர்க்கும் ஒரு பங்குண்டு. அங்கியை அணிய நாணுவதும், படம் பிடிக்க ஒரு பக்கமாய்ச் சாய்வதும், துறை சேருமுன் தாவுவதும் நம் பிழைகளே. ஊறுபட்டவர் தம் கவனக்குறைவும் கலந்திருப்பின் அப்பங்களவு நஷ்டஈடு குறையுமென்பது நெறி; அது நேர்மையும் ஆம். உலா அழைத்துச் செல்லும் கல்விச்சாலைக்கும் பங்குண்டு. 1995ஆம் ஆண்டில் பியாஸ் ஆற்றுக்கு அழைத்துச் செல்லப்பட்ட 14 பள்ளிப்பிள்ளைகள் ஆசிரியர் அசட்டையால் மூழ்கி இறந்த வழக்கில், ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோர்க்கும் 5 லட்சம் ரூபாய் அளிக்குமாறு கூறிய தீர்ப்பை 2001இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது.

ஆதலின் இவ்வாண்டு உலாவுக்குமுன் எம் மாணவர் சங்கத்தாரும் பேராசிரியர்களும் நான்கு வினாக்களைத் தவறாது கேட்க வேண்டுகின்றோம். படகுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் உளவா? ஏற்றத்தகும் ஆட்டொகை எவ்வளவு? ஆள் ஒன்றுக்குப் பழுதற்ற அங்கி ஒன்று உண்டா? காப்புறுதி உண்டா? விடை கிடையாவிடின் கரையிலமர்ந்து கட்டுச்சோறு உண்டு மீளுதலே மேல்.

இறுதியாக ஒன்று கூறி முடிப்போம். அன்று அம்முதியவரைக் கடிந்து நிறுத்தியபோது, அருகே நின்ற யாம் ஒருவரும் அவர்க்காக ஒரு சொல்லும் சொன்னோமல்லோம். அக்குற்றம் எம்முடையது. எம் நண்பர் இப்பொழுது நுகர்வோர் ஆணையத்தில் முறையிடத் துணிந்துள்ளார். சாட்சி கூற யாமும் உடன்செல்வோம். பலகையைப் பற்றியும் கொக்கியற்ற அங்கிகளைப் பற்றியும் கூறுவோம். முதியவர் பொறுக்கச் சொன்னதையும், எம்மவர் பொறாது தாவியதையும் மறையாது கூறுவோம். அதனால் நஷ்டஈடு சிறிது குறையுமாயினும் குறைக. எம் நண்பரும் அதற்கு இசைந்துள்ளார்.