விசாரணைக் கைதிகளுக்காக ஒரு துறவி

கொள்ளிடத்துக்கு வடக்கே விரகாலூரில் 1937இல் பிறந்தவர் இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி. ஆனால், வாழ்வின் பெரும்பகுதியை ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் அவருடைய சாதியில்லை, மொழியில்லை. பலர் அவர் மதத்தவருமில்லை. அநீதியை எதிர்க்கக் கிறிஸ்தவ அன்பு ஒருவரைக் கிளப்புமா என்றால், அவர் செய்த வேலையே சான்று. நிலத்துக்காகக் குரல் கொடுத்த ஆதிவாசிகளை நக்சல்கள் என்று சிறையில் தள்ளியபோது, அவரும் நண்பர்களும் விவரம் திரட்டி 2016இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். பிறகு உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார். வெறும் இரக்கம் ஒருவேளைச் சோற்றோடு ஓய்ந்துவிடும். இவன் ஏன் உள்ளே இருக்கிறான், வழக்கு ஏன் நகரவில்லை, ஜாமீனுக்கு வீட்டில் எதை விற்றார்கள் என்று அன்புதான் விடாமல் கேட்கும். குருவானவருக்குப் பூசையும் செபமும் போதாதா என்பவர்கள், நீதிக்கு உழைப்பது விசுவாசப் பணியிலேயே அடங்கும் என்று இயேசு சபையின் பொதுப்பேரவை 1975இலேயே தீர்மானித்ததைப் பார்க்கலாம்.

மாவோயிஸ்ட் தொடர்பு என்று தேசியப் புலனாய்வு முகமை குற்றம் சாட்டியதே என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் அதை மறுத்தார். எதுவும் நிரூபிக்கப்படும் முன்பே, உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஜாமீன் கிடைக்காமல், 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் 84 வயதில் இறந்தார். பார்க்கின்சன் நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாதவர் சிறையில் உறிஞ்சுகுழல் கேட்டார். பதில் சொல்லவே முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. அந்த நாட்களில் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், தமக்குச் சாப்பிடவும் குளிக்கவும் துணி துவைக்கவும் உதவிய சக கைதிகளைச் சொல்லி, அவர்களுக்காக செபிக்கக் கேட்டிருந்தார். பகைவரை நேசி என்பது அடங்கிப்போகச் சொல்வதுதானே என்ற வாதமும் அவரிடம் நிற்காது. சாவதற்குச் சில நாள் முன்புகூட, ஜாமீனை முடக்கும் சட்டப்பிரிவை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டவர் அவர்.

எனக்குக் கனமாகப் படுகிற ஆட்சேபம் வேறு. இந்த அன்பு சொந்தக் கோயில் வாசலில் எங்கே போகிறது? எறையூரில் 2008இல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரே எழுந்தது. இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஜூலை 5 அன்று ஸ்டேன் சுவாமிக்குப் பூசை வைக்கும் பங்குகள், எந்தத் தெருவுக்குத் தேர் போவதில்லை, பங்குப் பேரவையில் யாருக்கு இடமில்லை, யாரை எங்கே புதைக்கிறார்கள் என்று அவரைப்போலவே விவரம் திரட்டி ஆயர்களிடம் கொடுத்துப் பதில் கேட்க வேண்டும்.